மூழ்கிய ஊரின் விலாசம்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், குண்டசாலையையும் திகனையையும் கடந்து, தூரத்தே நக்கிள்ஸ் மலைத்தொடரின் நீல நிழலும் அருகே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அசையாத நீர்ப்பரப்பும் கூடவே வர, தெல்தெனியவில் வந்து இறங்குகிற பிரயாணிக்கு, தான் நிற்கும் கடைவீதி அந்தப் பெயருக்குரிய ஆதி ஊர் அன்று என்பது எவரேனும் எடுத்துச் சொன்னாலொழியத் தெரியப்போவதில்லை. ஆதி ஊர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பிரிட்டிஷ் உதவியுடன் மகாவலி ஆற்றின் குறுக்கே எழுப்பப்பெற்ற 122 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா அணை, 1985 ஏப்ரல் 12-ஆம் திகதி, ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தட்சரும் சமுகமளித்த வைபவத்தில் திறந்து வைக்கப்பட்டது. கடைகளும் வீடுகளும் வழிபாட்டிடங்களும் ஒற்றையடிப் பாதைகளும் கூடிய பழைய தெல்தெனிய, அந்த அணை தேக்கிய நீருக்குள் அடங்கிப்போயிற்று. வறட்சி கடுமையாகிற ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்க, சிதைவுகள் சேற்றிலிருந்து தலைகாட்டும். அப்போது முதியவர்கள் கரையில் நின்று, இன்னது இன்னாருடைய கடை என்று விரல் நீட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

ஊரை விட்டுப் போனவர்கள் ஓடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அரசாங்கம் இழப்பீடும் மாற்றுக் காணியும் கொடுத்தது. சிலர் மேட்டில் அமைந்த புதிய தெல்தெனியவுக்கும் திகனைக்கும் ஏறினார்கள். சிலர் மகாவலியின் தூரத்துக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எடுத்துச் செல்ல முடியாத ஆஸ்தி ஒன்றுண்டு, அதற்குப் பெயர் அயல். யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு, யாருடைய கடன் கொப்பியில் யார் பெயர், யார் குரல் கேட்டால் யார் ஓடி வருவார் என்கிற அந்தச் சூட்சுமமான ஏற்பாடு நில அளவையாளரின் வரைபடத்தில் குறிக்கப்படுவதில்லை. ஆகையால் அதற்கு இழப்பீடும் இல்லை.

இந்தப் பழங்கதையை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. இன்றைய சாமானிய மனிதனின் அயல், பாதியளவு கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. உறவினர், பள்ளித் தோழர், வாடிக்கையாளர், மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகன், அனைவரும் ஏதோ ஒரு நிறுவனத்தின் செயலிக்குள் வசிக்கிறார்கள். அந்நிறுவனம் கதவை மூடினால் அவர்கள் அனைவரும் ஒரே நாளில் நீருக்குள் போகிறார்கள். ஓர்குட் 2014 செப்டெம்பரில் மூழ்கியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூழ்கியது. தமிழுள்ளிட்ட இந்திய மொழிகளில் பேசுவோருக்கென்றே பெங்களூரில் தோன்றி, டுவிட்டருக்கு மாற்றாகக் கொண்டாடப்பட்ட கூ, 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இவற்றில் எதற்கும் வர்த்தமானி அறிவித்தல் இல்லை, மாற்றுக் காணி இல்லை. விரும்பினால் உங்கள் பதிவுகளை ஒரு பொட்டலமாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள் என்று சிலர் சொன்னதுண்டு. ஓடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னது போலத்தான் அது.

இந்த அவலத்துக்குப் பரிகாரமாகச் சில காலமாகப் பேசப்படுவது, சமூக ஊடகத்தையும் தபாலைப் போல ஆக்கிவிடலாம் என்கிற யோசனை. தெல்தெனியத் தபாற் கந்தோரில் இட்ட கடிதம் சென்னைக்கோ லண்டனுக்கோ தடையின்றிப் போய்ச் சேர்கிறது. ஒரே முதலாளி உலகத் தபாலை ஆள்வதால் அன்று, 1874-இல் பேர்ண் நகரில் தேசங்கள் கூடி, ஒருவர் முத்திரையை மற்றவர் மதிப்பது என்று ஒரு பொது விதியை ஏற்றுக்கொண்டதால். மின்னஞ்சலும் அவ்வாறே. ஆனால் பேஸ்புக்கில் இருப்பவர், டுவிட்டராக இருந்த எக்ஸ் தளத்தில் இருப்பவரைப் பின்தொடர முடியாது. இரண்டும் இரண்டு கோட்டைகள். கோட்டைகளுக்குப் பதிலாகப் பல சிறு ஊர்கள், அவற்றுக்கிடையே ஒரு பொதுத் தபால் விதி: இதுவே மையமற்ற திறந்த நெறிமுறை என்பதன் சாரம். அத்தகைய விதிகளுள் ஒன்றான அக்டிவிட்டிபப் என்பதை, இணையத்தின் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தனது பரிந்துரையாகப் பிரகடனம் செய்த நாள், 2018 ஜனவரி 23.

அதற்குச் சரியாக 41 நாட்களின் பின், மார்ச் 5-ஆம் திகதி, திகனை எரிந்தது.

நடந்ததை இப்பகுதியில் இருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2018 பெப்ரவரி 22-ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர், மார்ச் முதல் வாரத்தில் வைத்தியசாலையில் உயிர் நீத்தார். தாக்கியவர்கள் முஸ்லிம் இளைஞர்கள் என்பது, வன்முறைக்குக் காத்திருந்தவர்களுக்குப் போதுமான முகாந்திரமாயிற்று. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் அம்பாறையில் ஓர் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய், ஒரு காணொளியின் சிறகில் ஏறி நாடெங்கும் பறந்திருந்தது. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின, உயிர்களும் போயின. மார்ச் 6-இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை அரசாங்கம் நாடு முழுவதும் முடக்கியது. மார்ச் நடுப்பகுதி வரை அத்தடை நீடித்தது.

இந்தச் சம்பவங்களில் கைப்பேசியின் பங்கு என்னவென்பதைப் பற்றிப் பிற்பாடு உலகெங்கும் எழுதப்பட்டது. சிங்களத்தில் எழுதப்பட்ட கொலைவெறிப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை நிறுவனத்தின் விதிகளை மீறவில்லை என்ற யந்திரப் பதிலே கிடைத்ததென்பது அக்காலத்திலேயே பகிரங்கமாகப் பதிவாயிற்று. சிங்களம் வாசிக்கத் தெரிந்த பரிசீலகர்கள் அந்நிறுவனத்திடம் மிகச் சொற்பமாகவே இருந்தனர். எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. இலங்கையில் பேஸ்புக் வழியே பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. கண்டி எரிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 2020 மே மாதத்தில், பேஸ்புக் நிறுவனம் தன் தளம் தவறாகப் பிரயோகிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

ஆகவே அந்த மார்ச் மாதத்தில் தெல்தெனிய வாசி ஒருவரின் பேச்சு இரண்டு சாவிகளுக்குள் அடங்கியிருந்தது. ஒன்று, அவருடைய பாஷை தெரியாத கலிபோர்னியக் காரியாலயத்தில். அது திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. மற்றொன்று கொழும்பில், அது பூட்டியபோது விஷத்தையும் மருந்தையும் ஒருங்கே பூட்டிற்று. தீ எந்தத் தெருவில் வருகிறது, பிள்ளைகள் எந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று கேட்டறிவதற்கான மார்க்கமும் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3-ஆம் திகதி அன்றைய ஜனாதிபதிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களின் போதும் அதே சாவி மறுபடி திருப்பப்பட்டது. கலவரத்துக்கும் கண்டனத்துக்கும் வித்தியாசம் தெரியாத சாவி அது.

மையமற்ற நெறிமுறை அன்று புழக்கத்தில் இருந்திருந்தால் திகனை எரிந்திராது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். கூட்டத்தைத் திரட்ட நினைப்பவனுக்கு எந்த விதிக்குள்ளும் வழி உண்டு. தனக்கென்று ஒரு சேவையகத்தை நிறுவி, கேட்பாரில்லாமல் நஞ்சு காய்ச்சவும் அந்தச் சுதந்திரம் இடங்கொடுக்கும். வேறொரு வித்தியாசம் இருந்திருக்கும். புளூஸ்கை என்னும் செயலிக்கு அடிப்படையான ஏடி நெறிமுறையில், ஒரு பதிவை எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி மறைக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு மட்டுமே உரியதன்று. 2024 மார்ச் முதல், வெளியார் எவரும் தாமாகவே அத்தகைய சீட்டு ஒட்டும் சேவையை நடத்தலாம், விரும்புகிறவர்கள் அதை ஏற்றுக்கொள்ளலாம். சிங்களமும் தமிழும் தெரிந்த, மெனிக்கின்னையின் வதந்திக்கும் அக்குரணையின் உண்மைக்கும் பேதம் தெரிந்த ஒரு குழு கண்டியில் அமர்ந்து இதைச் செய்திருக்க, தத்துவ ரீதியில், எவருடைய அனுமதியும் தேவைப்பட்டிராது. ஆனால் அந்தச் சீட்டை ஏற்றுக்கொள்பவர் யார்? பெட்ரோல் போத்தலோடு புறப்பட்டவன் ஏற்றுக்கொள்ள மாட்டான். அவனோடு போகலாமா என்று வாசலில் தயங்கி நின்றவன் ஏற்றுக்கொண்டிருக்கலாம். அதுவும், அதை ஏற்பது எங்கே, எப்படி என்பது அவன் கைப்பேசியில் ஐந்து அடுக்கு அமைப்புகளுக்குள் ஒளிந்திராமல், கண்ணுக்கு எதிரே அவன் மொழியில் இருந்திருந்தால்.

அந்த ‘இருந்திருந்தால்’ என்பதில்தான் என் விவகாரம் முழுவதும் இருக்கிறது. நெறிமுறை வகுத்த பண்டிதர்கள் தம் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறார்கள். அதன்மீது செயலி கட்டுகிறவர்கள் இன்னும் தெல்தெனியவுக்கு வந்து சேரவில்லை.

தெல்தெனியக் கடைவீதியில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் சற்று நேரம் நின்று பார்த்தால் ஒரு செயலியின் உண்மையான வாசல் எதுவென்பது பிரத்தியட்சமாகும். அது நிறுவனத்தார் படம் வரைந்து மெருகேற்றிய முதற்பக்கம் அன்று. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்கிற இருபது வயதுப் பையன். சிம் போடுகிறவனும் அவனே, ரீலோட் போடுகிறவனும் அவனே, பெரியவர்களுக்குக் கணக்குத் திறந்து கடவுச்சொல்லைத் தானே தீர்மானித்து, அடுத்த நிமிஷத்தில் மறந்தும் போகிறவன் அவனே. ரங்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்த முதியவர் ஒருவர், உடைந்த பழைய போனையும் மகள் வாங்கியனுப்பிய புதிய போனையும் அருகருகே வைத்து, “தம்பி, இதுல இருக்கிற ஆளுங்க எல்லாம் அதுக்கு வந்துருவாங்களா?” என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். மையமற்ற நெறிமுறைகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட விளக்கக் கட்டுரைகள் அனைத்தையும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்கு அப்போது தோன்றிற்று.

அந்தப் பையன் அந்தப் பெரியவருக்கு, அக்டிவிட்டிபப் விதிப்படி இயங்கும் மஸ்டடோனில் கணக்குத் திறந்து கொடுக்க முயல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஓய்கன் ரொச்கோ என்ற இளைஞர் 2016-இல் வெளியிட்ட இந்தச் செயலி, பல வருஷங்கள் வரை வருகிறவரிடம் கேட்ட முதற்கேள்வி, எந்தச் சேவையகத்தில் சேர விரும்புகிறீர்கள் என்பது. ஊருக்குள் நுழையுமுன்பே ஊரின் நிர்வாக அமைப்பைப் பற்றிப் பரீட்சை வைப்பது இது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டதைக் கண்டித்து 2019 நவம்பரில் இந்தியர்கள் பெருந்தொகையாக மஸ்டடோனுக்குப் போனபோதும், 2022-இல் டுவிட்டர் கைமாறிய பின்னர் உலகமே போனபோதும், மிகப் பலர் இந்த வாசலிலேயே தடுக்கி விழுந்து திரும்பினார்கள். உள்ளே போனவர்களுக்கும் விநோதங்கள் காத்திருந்தன: ஒரே மனிதரின் பக்கத்தில் பின்தொடர்பவர்கள் இங்கே ஒரு தொகை, அங்கே வேறொரு தொகை, ஓர் உரையாடலில் பாதி பதில்கள் தெரியும், பாதி தெரியா. பழுது என்று அவர்கள் நினைத்தது, உண்மையில் தபால் இன்னும் வந்து சேராத நிலை. அதைச் சொல்ல ஒரு வரி அங்கே எழுதப்படவில்லை.

2023 மே மாதத்தில் ரொச்கோ இந்தக் கேள்வியைத் தளர்த்தினார். தேர்ந்தெடுக்க விரும்பாதவர்கள் தாம் நடத்தும் பெரிய சேவையகத்திலேயே ஒரே தொடுகையில் சேர்ந்துவிடலாம் என்று வாசலை மாற்றியமைத்தார். சௌகரியம் பெருகிற்று, கூடவே, பரவலாக வசிக்க வேண்டியவர்கள் ஒரே இடத்தில் குவிகிறார்களே என்ற முறையீடும் பெருகிற்று. இரண்டும் நியாயமே. நான் ரொச்கோவின் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனையோடு: முதல் நாள் கேட்காத கேள்வியை மூன்றாம் மாதத்தில், அந்த மனிதர் அயலைப் பழகிக்கொண்ட பிறகு, வேறு வீடு பார்க்க விருப்பமா என்று மரியாதையாகக் கேட்க வேண்டும், கேட்டு, வண்டியையும் அனுப்பி வைக்க வேண்டும்.

வண்டியின் விஷயம் அற்பமானதன்று. மலையகத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு விலாசம் என்பதன் அருமை மற்றவர்களைக் காட்டிலும் நன்றாகத் தெரியும். லயத்து வீடுகளுக்கு இலக்கமில்லை, தெருப் பெயரில்லை. இன்னார், இன்ன தோட்டம் என்பதே விலாசம். தபாற் கந்தோரிலிருந்து தோட்டத்துத் தப்பால்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டக் கந்தோரில் இறக்குவார். அங்கிருந்து அது உரியவர் கைக்குப் போவது அங்குள்ளவர்களின் சௌகரியத்தைப் பொறுத்தது. வேலைக்கான நேர்முகக் கடிதம் அந்த நேர்முகத்தின் திகதி கடந்த பிறகு வந்து சேர்ந்த கதை மலைநாட்டில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒன்றிருக்கும். தோட்டத்தை விட்டு வெளியேறினால் விலாசமும் போயிற்று. ஏனெனில் அது ஆளுக்குரியதன்று, தோட்டத்தை ஆளும் துரைக்குரியது.

மஸ்டடோன் விலாசம் அந்த ரகத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் அதன் அபிமானிகள் கோபிக்கக்கூடும். ஆயினும் அமைப்பு அதுதான். பெயருக்குப் பின்னால் சேவையகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். துரை நல்லவராக இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்தான், தம் கைக்காசில் நடத்துகிறவர். ஆனால் அவர் களைத்துப்போய் மூடினால் என்ன செய்வது? வேறிடம் பெயர்வதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், எழுதியவை வரமாட்டா, அதுவும் பழைய சேவையகம் உயிரோடிருக்கும் போதே செய்துகொள்ள வேண்டும். ஆப்கானிஸ்தானுக்குரிய இணையப் பெயர்ப் பின்னொட்டைச் சொல்நயத்துக்காகக் கடன் வாங்கியிருந்த ஒரு மஸ்டடோன் சேவையகம், 2024 பெப்ரவரியில் தாலிபான் நிர்வாகம் அப்பெயரை நிறுத்தியதனால் விலாசமிழந்தது. தோட்டக் கந்தோர் எத்தனை தூரத்திலும் இருக்கலாம்.

ஏடி நெறிமுறையை வகுத்தவர்கள் இந்த இடத்தில் ஒரு படி மேலே யோசித்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாள இலக்கம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் பெயர் அதன்மேல் போர்த்திய சட்டை. பெயரை மாற்றலாம், பதிவுகளைச் சேமித்து வைக்கும் இடத்தை மாற்றலாம். எழுதியவையும் உறவுகளும் சேர்ந்தே பெயரும். சொந்தமாக இணையப் பெயர் வாங்கியிருப்பவர் அதையே விலாசமாகவும் வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் இது உன்னதமான ஏற்பாடு. ஆனால் அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல்லை 1987-இலிருந்து கேட்டுக் கேட்டு, பல வருஷங்களாகத் தேர்தலே நடவாத மாகாண சபைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிற நம் நாட்டவருக்கு, காகிதத்தைப் பற்றிச் சிறிது அவநம்பிக்கை இருப்பது குற்றமாகாது. 2024 பெப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, அவ்வருஷ இறுதிக்குள் 2 கோடிப் பேருக்கு மேல் சேர்த்துக்கொண்ட புளூஸ்கையில், மிகப் பெரும்பாலோர் இன்றும் அந்த நிறுவனத்தின் சொந்தச் சேவையகங்களிலேயே வசிக்கிறார்கள். பெயரலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர், பெயர்வதற்குக் கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டியிருந்ததால் கைவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கோடியில் நிற்பது நொஸ்டர். 2020-இல் தோன்றிய இந்நெறிமுறையில் துரையே கிடையாது. நீண்டதோர் இரகசியச் சாவியே ஆள். சாவி தொலைந்தால் ஆளும் தொலைந்தார். கடவுச்சொல் மறந்துவிட்டதா என்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. சாவி பிறர் கைக்குப் போனால் அவர் நீங்களாகிவிடுவார். சுதந்திரத்தின் சுத்த ரூபம் இதுவென்று கொண்டாடுகிறவர்கள், மழையில் நனைந்த போனை அரிசிப் பானைக்குள் புதைத்துக் காத்திருக்கிற நம் வீடுகளைக் கண்டதில்லை. பழைய ஊர்களில் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம்பிக்கைக்குரிய மூவரின் பெயரைப் பதிந்து, அவர்களில் இருவர் சம்மதித்தால் சாவியை மீட்கலாம் என்கிற ஏற்பாட்டைக் கணிதவல்லார் முன்பே கண்டறிந்து வைத்திருக்கிறார்கள். அதைக் கடைப் பையனுக்கு விளங்கும் ஒரு திரையாக மாற்றுவதே மிச்சமிருக்கும் வேலை.

இந்தியாவில் இந்த வேலையை வேறொரு மூலையிலிருந்து தொடங்கியவர்களைக் குறிப்பிட வேண்டும். மலையாளத்தில் புறா என்று பொருள்படும் ப்ராவ் என்ற பெயரில், அங்குள்ள கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஒரு செய்தியனுப்பும் செயலியை நடத்துகிறார்கள். எக்ஸ்எம்பிபி என்னும் பழைய திறந்த நெறிமுறையின்மீது கட்டப்பட்டது அது. ஆனால் வருகிறவரிடம் சேவையகத்தைப் பற்றிய பேச்சே எடுப்பதில்லை, வட்ஸ்அப்பைப் போலவே தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு உள்ளே விட்டுவிடுகிறது. நிறுவனமாக அன்றிக் கூட்டுறவுச் சங்கமாக அதை அமைப்பதே அவர்களுடைய நோக்கம். தொலைபேசி இலக்கம் அந்தரங்கத்துக்குக் கேடு என்று தூய்மைவாதிகள் ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபம் சரிதான். ஆயினும் அது நம் பாட்டிக்குத் தெரிந்த ஒரே இலக்கம்.

எக்ஸ்எம்பிபியின் சரித்திரம் எச்சரிக்கையும் கூட. 2005-இல் கூகுள் தன் உரையாடற் செயலியை அதன்மீது கட்டி, அடுத்த ஆண்டில் வெளியாரோடும் பேசவிட்டது. 2013-இல் புதிய செயலிக்கு மாறியபோது அந்தக் கதவைச் சாத்திவிட்டது. வட்ஸ்அப்பும் தொடக்கத்தில் அந்நெறிமுறையையே திருத்திப் பயன்படுத்திற்று, ஒருபோதும் கதவைத் திறக்காமலே. சென்னையிலிருந்து உலகச் சந்தைக்குப் போன ஸோகோ நிறுவனத்தின் ‘அரட்டை’ 2025-இல் திடீரென்று பிரசித்தி பெற்றபோது, அதன் ஸ்தாபகர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, இத்தகைய செயலிகள் இந்தியாவின் பணப்பரிமாற்ற முறையான யுபிஐயைப் போலவும் மின்னஞ்சலைப் போலவும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்ற அபிப்பிராயத்தை வெளியிட்டார். வரவேற்கத்தக்க வார்த்தை. சிறியவராக இருக்கும்போது திறந்த கதவைப் புகழ்வதும் பெரியவரானபின் சாத்திக்கொள்வதும் இந்தத் தொழிலில் சகஜமாதலால், அவ்வார்த்தையைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்வது வாசகருக்கு நல்லது.

தமிழருக்கு இந்தச் சங்கதி புதிதன்று என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. இலங்கையில் தட்டெழுதியவர்களுக்குப் பாமினி எழுத்துருவைத் தெரியாமலிராது. பாமினியில் அடித்த கடிதத்தைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். புள்ளி வைத்த மெய்யெழுத்து எல்லாம் அரைப்புள்ளியாகிவிட்டிருக்கும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு குறியீடு, ஒவ்வொன்றும் ஒரு கோட்டை. 1991-இல் வெளியான யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது; 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி விசைப்பலகைக்கும் தரம் வகுத்தார்கள்; ஆனால் சாமானியர் கைக்கு அந்தப் பொது நெறி வந்து சேர ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது. கைப்பேசியில் தமிழ் சிதையாமல் தெரிந்து, தொட்டால் எழுதவும் முடிந்த பிறகே அது நடந்தது. குறியீடு என்றால் என்னவென்று இன்றும் எவருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. ‘கொக்கு’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். டுவிட்டர் அதை ஆறு என்று எண்ணியது. மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே கூட்டிற்று. ஆகவே ஆங்கிலேயனுக்கு 280 என்றால் தமிழனுக்கு அதில் ஏறக்குறைய பாதி. புளூஸ்கை 300 எழுத்து என்று எல்லை வகுத்தபோது கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்றாக எண்ணும் முறையைக் கைக்கொண்டது. அங்கே கொக்கு மூன்றெழுத்துப் பறவை. இப்படியொரு நியாயத்தை எவரும் போராடிப் பெறவில்லை, யாரோ ஒரு நிபுணர் சரியாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். மற்றப் பக்கம், இத்தகைய செயலிகளின் தமிழ்த் திரைகளைப் பார்த்தால் மனம் சோர்கிறது. பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுண்ட வினைச்சொற்கள். சேவையகத்துக்கு ஓரிடத்தில் ‘நிகழ்வு’ என்றும் வேறிடத்தில் ‘வழங்கி’ என்றும் பெயர். அகராதியைப் பார்த்து எழுதியவர் கடைவீதியைப் பார்த்திருக்கவில்லை. ‘எந்த ஊரில் பதிய விருப்பம்?’ என்று கேட்டால் தெல்தெனியவில் எல்லோருக்கும் விளங்கும்.

செயலி கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு; அதுவும் வினோதமான விண்ணப்பம். வெளியேறும் கதவை முன்வாசலுக்குக் கொண்டு வாருங்கள். உள்ளே வரும் வழி எல்லாச் செயலியிலும் பளபளப்பாகத்தான் இருக்கிறது; வெளியே போகும் வழிதான் ஐந்து அடுக்குக்குப் பின்னால், ஆங்கிலத்தில், எச்சரிக்கைகளோடு இருக்கிறது. ‘உங்கள் மனிதர்களையும் எழுத்துகளையும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போக’ என்று ஒரு பொத்தான், முதற்பக்கத்தில், இரண்டு நிமிஷத்தில் வேலை முடியும்படி இருக்குமானால், பெரும்பாலோர் அதை ஒருபோதும் தொட மாட்டார்கள். துரை அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அன்று அந்த முதியவருக்கு வேண்டியவர்களில் பலர் புதிய போனுக்கு வந்து சேர்ந்தார்கள், சிலர் வரவில்லை. பழைய சிம் மகன் பெயரில் இருந்தது, மகன் கட்டாரில் இருந்தார், சரிபார்க்கும் இலக்கம் வந்து சேரவேண்டிய போன் உடைந்து மேசைமேல் கிடந்தது. பையன் தன்னால் ஆனதைச் செய்து முடித்து, புதிய கடவுச்சொல்லை ரீலோட் அட்டை ஒன்றின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தான். பெரியவர் அதை நாலாய் மடித்து, அடையாள அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ரங்கலை பஸ் புறப்படுவதற்குள் ஓடினார்.